பதினேழு எழுத்து

வண்ணாரப்பேட்டை சர்வீஸ் சென்டரில்
கம்ப்ரசர் சத்தத்துக்கு இந்தப் பக்கம்
எனக்கொரு போன், ஒரு பட்டியல்.
நூற்றி நாற்பத்தொரு வண்டி.
பெயர்கள் பழசு. நம்பர்கள் பாதி செத்தவை.
சாகாதது அந்தப் பதினேழு எழுத்து மட்டும்,
இரும்பில் அடித்தது,
எத்தனை கை மாறினாலும் மாறாதது.

"வணக்கம் சார், உங்க வண்டியில..."
"லோன் வேண்டாம்மா."
"லோன் இல்ல சார், ஏர்பேக்..."
"அடுத்து ஓடிபி கேப்பிய. சொல்ல மாட்டேன்."
நல்லது. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.
நான் கேட்பது உங்களிடம் ஓர் அரைநாள்.
காசு வேண்டாம் என்றால்
அதனாலேயே நம்ப மறுக்கிறது ஊர்.

எண்பத்தேழாவது, வெள்ளை வண்டி.
முதலில் பாளையங்கோட்டை பல் டாக்டர் ஆசீர்வாதம்.
"வித்து ஏழு வருஷம் ஆச்சேம்மா."
அப்புறம் கடையநல்லூர் மீராசா.
மீராசா தள்ளிவிட்டது செங்கோட்டை புரோக்கரிடம்.
புரோக்கருக்கு ஞாபகம் இருந்தது விலை.
இப்போது காசிமேஜர்புரத்தில்,
சீசனுக்கு அருவிக்கும் ஸ்டேஷனுக்கும் ஓடுகிறது.
ஓட்டுபவர் கோமதிநாயகம்.
ஆர்.சி. புக்கில் இன்னும் டாக்டர் பெயர்.
கம்பெனி போட்ட மூன்று கடிதமும்
டாக்டர் வீட்டுக் கேட்டில், பிரிக்காமல்.

ஹாரன் அமுக்கும் இடத்துக்குப் பின்னால்
உள்ளங்கை அளவு டப்பா, அதற்குள் மருந்து.
மோதினால் இமைக்குமுன் வெடித்துப்
பையை ஊதவேண்டும்.
ஆயுளில் ஒரே ஒரு நாள் வேலை.
அந்த நாளுக்குக் காத்திருக்கையில்
வெயிலும் ஈரமும் வருஷக்கணக்கில் மாறி மாறித் தொட்டால்
மருந்துக்குத் தன் அளவு மறந்துவிடுகிறது.
டப்பாவும் சேர்ந்து வெடிக்கும்.
சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு
கழுத்து உயரத்தில் வரும்.
போனில் இதைச் சொல்ல
எனக்குத் தந்திருக்கும் வாக்கியம்:
"பாதுகாப்பு சம்பந்தமான சிறு மாற்றம்."

கோமதிநாயகம் சிரித்தார்.
"பத்து சீசன் சாரல்ல நனைஞ்ச வண்டி தாயி.
ஒரு நாள் ரோட்டுல நிக்கல.
முன்னால இசக்கி இருக்கா."
இருக்கிறாள். படம் அனுப்பினார்.
இடப்பக்கக் காற்றுப்பை திறக்கும் மூடியின்மேல்
சரியாக, பசை போட்டு.
படத்தின் ஓரத்தில் முன்சீட்டில்
ஒரு முழங்கால், நீலப் பாவாடை, டிபன் பை.
எனக்குத் தந்த வாக்கியத்தை
அப்போதுதான் கீழே வைத்தேன்.

பானெட்டைத் தூக்கி எழுத்தை வாசிக்கச் சொன்னேன்.
அழுக்கைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.
"இது ஓவா சைபரா தாயி?"
ஓ என்ற எழுத்தே அதில் கிடையாது அண்ணே,
குழம்பக்கூடாது என்று விட்டுவிட்டார்கள்.
"நம்மளயும் நெனச்சிருக்கான் ஒருத்தன்" என்றார்.

"கொடை முடிஞ்சு வாரேன்."
அதுவரை முன்சீட்டில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.
"சரி. நான் எங்கன உக்கார?"
அதற்கு என்னிடம் வாக்கியமே இல்லை.

வியாழக்கிழமையே வந்துவிட்டார்.
ஒரு மணி நேர வேலை.
பழைய டப்பாவைக் கையில் கேட்டார்,
எந்த பார்ட் மாற்றினாலும் கேட்டு வாங்கிப் பழக்கம்.
இது கம்பெனிக்குத் திரும்பவேண்டும் என்று
மெக்கானிக் இருதயராஜ் பெட்டியில் வைத்து ஒட்டினான்.
"இத்தனூண்டா" என்றார், நெடுநேரம் பெட்டியைப் பார்த்து.
மூடிமேல் எதையும் ஒட்டக்கூடாதாம்.
பெயர்த்தெடுத்த இசக்கியைச்
சட்டைப்பைக்குள் நிறுத்தினார்.
தலை மட்டும் வெளியே தெரிந்தது.

எண்பத்தெட்டு, களக்காடு. ரிங் போகிறது.
என் தம்பி போன மாதம்
சங்கரன்கோவிலில் பழைய வண்டி ஒன்று எடுத்தான்.
எழுத்தை அனுப்பு என்று நாலு தடவை கேட்டாயிற்று.
கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் போட்டிருக்கிறான்.